வெயிலைப் பார்த்துத் திட்டமிடுங்கள்: மாலகாவுக்கு ஒரு முழுமையான பயண வழிகாட்டி

ஸ்பெயினின் தென்கரையில், முன்னால் மத்தியதரைக் கடலும் பின்னால் மலையுமாக இருக்கும் ஊர் மாலகா. இதன் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் ஊருக்குள் எட்டிப்பார்ப்பதே இல்லை. நேராக டோரெமொலினோஸ், மார்பெயா என்று கடற்கரை விடுதிகளுக்குப் போய்விடுகிறார்கள். சொகுசுக் கப்பலில் வருகிறவர்களோ காலையில் இறங்கி, கோட்டையைப் பார்த்து, பிகாசோ பிறந்த வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு கூட்டமும் தவறவிடுவது மாலகாவின் மாலைப்பொழுதைத்தான். ஊர் உண்மையில் விழித்துக்கொள்வது அப்போதுதான்.

ஃபீனிசியர்கள் வந்து குடியேறிய காலத்திலிருந்து கணக்கிட்டால் இந்த ஊருக்கு வயது ஏறக்குறைய 2,700 ஆண்டுகள். ரோமானியர், அராபியர், கிறிஸ்தவ அரசர்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் பழையதன் மேலேயே புதியதைக் கட்டினார்கள். இதனால் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடந்தே போகிற தூரத்தில் இருக்கின்றன. இங்கே தூரம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. எந்த இடத்துக்கு எந்த வேளையில் போவது என்பதை வெயில்தான் தீர்மானிக்கும். ஊரின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினும் இதே வெயிலின் கைவேலைதான். கீழே சொல்லியிருப்பதெல்லாம் வெயிலை ஒட்டிப் போட்ட திட்டம். நான்கு இரவுகள் தங்கினால் நிதானமாகப் பார்க்கலாம். மூன்று இரவுதான் முடியும் என்றால் வெளியூர்ப் பயணத்தை விட்டுவிடுங்கள், ஊரை விடாதீர்கள்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. இந்த இரண்டில் ஒன்று. ஒயினுக்காகவே போகிறவர்களுக்கு என் ஓட்டு செப்டம்பருக்குத்தான். மலைச்சரிவுகளில் திராட்சை காய்ந்துகொண்டிருக்கும், கடல் நீரும் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீர் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக உள்ளே வருவதால், மாலகாவின் கடல் மத்தியதரைக் கடலின் மற்ற கரைகளைவிடக் குளிர்ச்சியானது. மே மாதம் வெயிலை நம்பி ஓடிப்போய்க் குதித்தால் உடம்பு விறைத்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் 'தெர்ரால்' என்றொரு காற்று வீசும். உள்நாட்டு மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறி, வறண்டு, ஊருக்குள் அனலாக நுழையும். அது வீசும் நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா. 1487-இல் கத்தோலிக்க அரசர்களான இசபெல்லாவும் பெர்டினாண்டும் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து மாலகாவைக் கைப்பற்றியதன் நினைவாக நடப்பது. ஆட்டம், பாட்டம், குடி எல்லாம் தெருவிலேயே. அந்தக் கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள், ஆனால் அறை வாடகை எகிறிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வேறு ரகம். பெரும் பாரம் கொண்ட சப்பரங்களை ஆட்கள் தோளில் சுமந்து நள்ளிரவு தாண்டியும் ஊர்வலம் போவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் பழைய நகரத்தில் தெருவைக் கடப்பதே பெரும்பாடு. அந்த வாரத்தில் போவதானால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிடுங்கள்.

குளிர்காலமும் மோசமில்லை. பகலில் 17 டிகிரி வாக்கில் இருக்கும். மழை என்றால் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரைதான்.

விசாவும் பயணமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். ஆனால் கோடை விடுமுறைக்கு முன்பு நேர்காணல் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தருவதாக இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக மாட்ரிட்டுக்கு வந்து, அங்கிருந்து அதிவேக ரயில் பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. அதோச்சா நிலையத்திலிருந்து மாலகாவின் மரியா சம்பிரானோ நிலையத்துக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரென்ஃபே, உய்கோ, இரியோ என மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுவதால், முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. வழியெங்கும் ஆலிவ் தோப்புகள், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை.

நேரே மாலகாவில் விமானம் இறங்கினால் டாக்ஸி தேவையே இல்லை. விமான நிலையத்திலேயே 'செர்கானியாஸ்' புறநகர் ரயில் நிற்கும். சி-1 வழித்தடத்தில் கடைசி நிறுத்தமான சென்ட்ரோ-அலமேதாவில் இறங்கினால் பழைய நகரம் பக்கத்தில்தான். கால் மணி நேரம்கூட ஆகாது, கட்டணமும் சொற்பம். ஃபுவென்கிரோலா பக்கம் போகும் ரயிலில் தவறி ஏறிவிடாமல் நடைமேடைப் பலகையை ஒருமுறை பாருங்கள்.

எங்கே தங்குவது

பழைய நகரத்தின் நடுவில் அறை எடுத்தால் எல்லாம் காலடியில், ஆனால் இரவு இரண்டு மணி வரை சன்னலுக்குக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் தெருவைப் பார்க்காத, உள்முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள். துறைமுகத்துக்கும் அலமேதா சாலைக்கும் இடையில் உள்ள சோஹோ பகுதி கொஞ்சம் அமைதி, சுவர் முழுக்கப் பிரம்மாண்டமான ஓவியங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் மலகேத்தா கடற்கரைப் பக்கம் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால், குளிர்சாதன வசதி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதல் காலை: கீழிருந்து மேலே

ஒன்பது மணிக்கு அல்காசாபா கோட்டை திறக்கும். அதற்கு அரை மணி முன்பே அதன் அடிவாரத்துக்குப் போய்விடுங்கள். அங்கே அரைவட்டப் படிகளோடு ரோமானிய அரங்கம் இருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் கட்டியது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, 1951-இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் அதன் மேல் ஒரு பண்பாட்டு மாளிகையையே எழுப்பிவிட்டிருந்தார்கள். அந்த மாளிகையை இடித்தபின்தான் அரங்கம் முழுதாகக் கண்ணுக்குக் கிடைத்தது. உள்ளே போகக் கட்டணமில்லை, தெருவில் நின்றபடியே நன்றாகப் பார்க்கவும் முடியும்.

அரங்கத்தை ஒட்டியே கோட்டை. பதினோராம் நூற்றாண்டில் அராபிய ஆட்சியாளர்கள் கட்டிய அரண்மனைக் கோட்டை இது. ஏறும்போது வாசல்களைக் கவனியுங்கள். எந்த வாசலும் நேர்கோட்டில் போகாது, நுழைந்ததும் சட்டென்று திரும்பும். வேகமாக ஓடிவரும் எதிரி அந்தத் திருப்பத்தில் தடுமாறி நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 'தூண் வாசல்' என்றொரு இடத்தில் குதிரை லாட வடிவ வளைவைத் தாங்கி நிற்பவை ரோமானியத் தூண்கள். கீழே இருந்த பழைய கட்டடங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மேலே நிறுத்தியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் பளிங்கின் வழவழப்பும் அதைச் சூழ்ந்த செங்கல்லின் சொரசொரப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது தெரியும்.

மேலே உள்ள அரண்மனை முற்றங்களில் தரையில் விரலளவு ஆழத்தில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், அதில் தண்ணீர் மெல்ல ஓடும். சுற்றிலும் மல்லிகை, ஆரஞ்சு மரம், நிழல். மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலைச் சமாளித்த விதம் இது. பத்தரை மணிக்குமேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து நிறைந்துவிடும், நீரோட்டத்தின் மெல்லிய சலசலப்பு காதில் விழாது. அதனால்தான் ஒன்பது மணி. முட்டி வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், நகராட்சி மாளிகைக்குப் பின்னால் உள்ள தெருவிலிருந்து கோட்டைக்குள் லிஃப்ட் இருக்கிறது.

அடுத்தது ஹிப்ரல்ஃபாரோ, மலை உச்சியில் உள்ள காவல் கோட்டை. இரண்டு கோட்டைகளையும் மதில் சூழ்ந்த ஒரு பாதை இணைக்கிறது, ஆனால் அதன் வழியே ஏற விடமாட்டார்கள். வெளியே வந்து செங்குத்தான சரிவில் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நடக்காதீர்கள், பூங்கா அருகே 35-ஆம் எண் பஸ் பிடித்து மேலே போய், இறங்கும்போது நடந்து வாருங்கள். 1487-இல் கத்தோலிக்க அரசர்களின் முற்றுகையை மூன்று மாதத்துக்கும் மேல் தாங்கிய ஊர்க்காரர்கள் கடைசியாகப் பட்டினியால்தான் சரணடைந்தார்கள். மதிலில் நின்று பார்த்தால் துறைமுகமும், வட்டமான காளைச் சண்டை அரங்கமும், தெளிவான நாளில் தூரத்து மலைகளும் தெரியும்.

இரண்டு கோட்டைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கினால் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இலவசம்தான், ஆனால் அந்த வெயிலும் கூட்டமும் சேர்ந்தால் இலவசம் வேண்டாம் என்று தோன்றிவிடும்.

நண்பகல்: சந்தையும் சாப்பாடும்

இறங்கி வந்ததும் அத்தராசானாஸ் சந்தைக்குப் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. பதினான்காம் நூற்றாண்டில் இது கப்பல் கட்டும் தளம், அன்றைக்குக் கடல் இதன் வாசல் வரைக்கும் வந்திருந்தது. அந்தக் காலத்து ஏழு வளைவுகளில் ஒன்றுதான் மிச்சம், இன்றைய சந்தைக்கு அதுதான் நுழைவாசல். அதற்குப் பின்னால் 19-ஆம் நூற்றாண்டு இரும்புக் கூரை, எதிர்ச்சுவரில் வண்ணக் கண்ணாடியில் மாலகாவின் காட்சிகள். கண்ணாடி வழியே விழும் நிறம் கீழே பனிக்கட்டியில் கிடக்கும் மீன்மேல் படிவதைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் காத்திருங்கள்.

உப்புப் போட்ட பாதாம், உலர்திராட்சை, ஆலிவ் வாங்க இதைவிட நல்ல இடமில்லை. இலையுதிர்காலத்தில் போனால் மாம்பழமும் கிடைக்கும். ஆம், ஐரோப்பாவில் விளைந்த மாம்பழம். மாலகாவுக்குக் கிழக்கே உள்ள கரையோரப் பகுதியில் பனி விழாத தட்பவெப்பம் இருப்பதால் மாவும் அவகாடோவும் தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்கள்.

மதியச் சாப்பாடு இரண்டு முதல் நான்கு வரை, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் சமையலறையே திறந்திருக்காது. வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள். ஒரு தொடக்க உணவு, ஒரு முக்கிய உணவு, இனிப்போ காபியோ, ஒரு பானம், எல்லாம் ஒரே விலையில் வரும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கொண்டாட்டம். மாலகாக்காரர்களை மற்ற ஊரார் கிண்டலாக 'நெத்திலி' என்றே கூப்பிடுவார்கள், அவ்வளவு நெத்திலி பொரித்துத் தின்கிற ஊர். சைவர்களுக்கும் வழியிருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். 'சின் கார்னே' என்று இறைச்சி வேண்டாம் எனச் சொன்னாலும், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான ஹமோனைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். சிலருடைய கணக்கில் அது இறைச்சியில் சேர்த்தியே இல்லை. 'சின் ஹமோன், சின் அதூன்' என்று சூரை மீனையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நம்பி வாங்கக்கூடியவை சில உண்டு. 'அஹோபிளாங்கோ' என்பது பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த வெண்ணிறக் குளிர்ந்த சூப். மேலே பச்சைத் திராட்சையோ உலர்திராட்சையோ மிதக்கும். கொண்டைக்கடலையோடு வதக்கிய பசலைக்கீரையும் நன்றாக இருக்கும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, மெல்லியதாக வெட்டிப் பொரித்த கத்திரிக்காய்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவது. அந்தப் பாகு பக்கத்திலுள்ள ஃப்ரிஹிலியானா ஊர் ஆலையில் காய்ச்சியது. அராபியர் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த கரும்பின் கடைசி வாரிசு. கருகருவென்று, லேசான கசப்போடு இருக்கும். மொறுமொறுப்பு போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

காலையில் காபி கேட்பதற்கும் ஒரு பாடம் தேவை. பாலும் டிகாஷனும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஏறக்குறைய பத்துப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். 'நூபே' என்றால் பாலில் காபியின் சாயல் மட்டும், 'சோம்பிரா' அதைவிடச் சற்றுத் தூக்கல், 'மிதாத்' பாதிக்குப் பாதி, 'சோலோ' என்றால் பாலே கிடையாது. பட்டியலின் கடைசியில் வெறும் கோப்பைக்கும் ஒரு பெயர் உண்டு: 'எனக்கு வேண்டாம்'. இதையெல்லாம் பீங்கான் ஓட்டில் வரைந்து சுவரில் மாட்டியிருந்த பழைய காபிக்கடை 2022-இல் மூடிவிட்டது. பெயர்கள் ஊர் முழுக்க வழக்கில் இருக்கின்றன.

பிற்பகல்: வெயில் தணியும் வரை உள்ளே

மூன்று முதல் ஆறு வரை கூரைக்குக் கீழே இருங்கள். முடிந்தால் ஒரு தூக்கம் போடுங்கள், தவறே இல்லை. தூங்க மனமில்லாதவர்களுக்குப் பேராலயம் இருக்கிறது. பள்ளிவாசல் இருந்த இடத்தில் 1528-இல் தொடங்கி 1782-இல் வேலையை நிறுத்தினார்கள். முடித்தார்கள் என்று சொல்ல முடியாது. வடக்குக் கோபுரம் 84 மீட்டர் உயர்ந்து நிற்க, தெற்குக் கோபுரம் பாதியில் நிற்கிறது. அதனால் ஊரார் வைத்த செல்லப்பெயர் 'ஒற்றைக் கைக்காரி'. கட்ட வைத்திருந்த பணம் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனது என்று ஒரு கதை உண்டு, சாலை போடப் போனது என்பார் இன்னொரு சாரார். உள்ளே போனால் பாடகர் குழுவின் மர இருக்கைகளுக்கு முன் நில்லுங்கள். பெத்ரோ தே மேனா 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய புனிதர் உருவங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு கவலை.

பிகாசோ 1881 அக்டோபர் 25 அன்று மெர்செத் சதுக்கத்து வீடு ஒன்றில் பிறந்தார், சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருடைய அருங்காட்சியகம் 2003-இல் புவெனாவிஸ்தா மாளிகையில் திறந்தது. ஓவியங்களைப் பார்த்துவிட்டு நிலவறைக்கும் இறங்குங்கள். கட்டட வேலையின்போது தோண்டியதில் கிடைத்த ஃபீனிசியர் மதிலை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள், வாசல் வரிசை நிழலில்லாத சந்தில் நிற்கும்.

பழைய சுங்க மாளிகையில் உள்ள மாலகா அருங்காட்சியகத்தில் கூட்டமே இருக்காது, கட்டணமும் பெயருக்குத்தான். திங்கள் விடுமுறை. துறைமுகத்தில் வண்ணக் கண்ணாடிப் பெட்டி போல நிற்கும், நவீனக் கலைக்கான பொம்பிடூ மையத்துக்குச் செவ்வாய் விடுமுறை. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். ஒரு பிற்பகலுக்கு ஒன்று போதும்.

மாலை: ஒயினைத் தெரிந்துகொண்டு குடியுங்கள்

மாலகா ஒயின் என்று உலகம் அறிந்தது இனிப்பு ஒயின். மொஸ்காத்தெல், பெத்ரோ ஹிமெனெஸ் என இரண்டு வெள்ளைத் திராட்சைகள்தான் அடிப்படை. ஊருக்குக் கிழக்கே அக்ஸார்க்கியா மலைப்பகுதியில், டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் கொடிகள் குட்டைப் புதர்களாகத் தரையோடு நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் கையால் பறித்துப் பெட்டிகளில் அடுக்கி, இன்றும் சில இடங்களில் கோவேறு கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவருவார்கள்.

அப்புறம் காயவைக்கும் வேலை. தெற்குப் பார்த்த சரிவில் நீள்சதுரப் பாத்திகள் கட்டியிருப்பார்கள், பெயர் 'பசேரோ'. அதில் குலைகளைப் பரப்பி, ஒரு பக்கம் காய்ந்ததும் கையாலேயே திருப்பிப் போட்டு, இரவுப் பனி படாமல் மேலே படுதா இழுத்து மூட வேண்டும். மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டவர்களுக்கு இந்தப் பாடு புரியும். உலர்திராட்சைக்கு என்றால் முழுதாகக் காயவிடுவார்கள். ஒயினுக்கு என்றால் நீர் சுண்டிச் சர்க்கரை ஏறிய பதத்தில் எடுத்துப் பிழிவார்கள். இந்த உலர்திராட்சை வேளாண்மையை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு காலத்தில் மாலகாவே இந்த ஒயினாலும் உலர்திராட்சையாலும் வாழ்ந்தது. 1878-இல் கொடியின் வேரைத் தின்னும் 'ஃபிலோக்செரா' என்ற பூச்சி இங்கே நுழைந்து தோட்டங்களை அழித்தது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. இன்று மிச்சமிருப்பது பழைய பரப்பில் சிறு பகுதிதான். அதனாலேயே கண்ணாடிக் குவளையில் வருவதை ஒரே மூச்சில் கவிழ்க்காதீர்கள்.

புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 'பாலிதோ' என்றால் மரத்தில் வைக்காதது. வெறுமே 'மாலகா' என்றால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை பீப்பாயில் இருந்தது. 'நோபிளே' இரண்டு முதல் மூன்று ஆண்டு, 'அன்யெஹோ' மூன்று முதல் ஐந்து, 'திராசன்யெஹோ' ஐந்துக்கும் மேல். வயது ஏற ஏற நிறம் கறுத்து, உலர்ந்த அத்தி, கொட்டை, காபி வாசனையெல்லாம் வரும். 'லாகிரிமா' என்றால் இயந்திரத்தில் பிழியாமல் தானாகக் கசிந்த சாற்றில் செய்தது. இவற்றில் பலவற்றில் திராட்சைச் சாராயம் சேர்ப்பதால் 15 முதல் 22 விழுக்காடு வரை வீரியம் இருக்கும். இனிப்பாக இருப்பதால் ஏறுவது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இப்போது எங்கே குடிப்பது. அலமேதா பிரின்சிபால் சாலையில் 1840-இலிருந்து இயங்கும் அந்திகுவா காசா தே குவார்தியாவில் தொடங்குங்கள். நாற்காலி எதிர்பார்க்காதீர்கள், நின்றபடிதான் குடிக்க வேண்டும். நீளமான மரக் கவுன்டர், பின்சுவர் முழுக்கக் கறுத்த பீப்பாய்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயர். நீங்கள் பெயரைச் சொன்னதும் குழாயைத் திறந்து சின்னக் குவளையில் பிடித்து வைத்துவிட்டு, உங்களுக்கு முன்னால் கவுன்டர் பலகையிலேயே சாக்பீஸால் விலையை எழுதுவார். இரண்டாவது வாங்கினால் அதற்குக் கீழே இன்னொரு எண். கிளம்பும்போது கூட்டிச் சொல்லி, பணம் வாங்கி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு, கணக்குத் தீர்ந்தது. முதலில் 'செக்கோ அன்யெஹோ' என்ற இனிப்பில்லாதது, அப்புறம் 'பஹாரெத்தே', கடைசியில் பெத்ரோ ஹிமெனெஸ் என்ற வரிசையில் போங்கள். இனிப்பில் தொடங்கினால் அதற்குப்பின் எதுவும் நாக்கில் நிற்காது. கூடவே வேகவைத்த இறாலோ சிப்பியோ ஒரு தட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கோட்டை அடிவாரத்தில் உள்ள எல் பிம்பி 1971-இலிருந்து நடப்பது. பிரபலங்கள் கையெழுத்திட்ட பீப்பாய்கள், முற்றங்கள், எப்போதும் கூட்டம். ஒருமுறை போய்வரலாம். சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்ப்பேன்.

இனிப்பே பிடிக்காதவர்களுக்கும் வழி உண்டு. 'சியெர்ராஸ் தே மாலகா' என்ற பெயரில் 2001 முதல் இனிப்பில்லாத வெள்ளை, சிவப்பு ஒயின்களுக்குத் தனி அங்கீகாரம் தந்திருக்கிறார்கள். மொஸ்காத்தெல் திராட்சையில் செய்த இனிப்பற்ற வெள்ளை ஒயினைக் குளிரக் குளிரக் கேளுங்கள். மூக்கில் பூ வாசம், நாக்கில் இனிப்பே இருக்காது. குடிக்காதவர்கள் ஒயின் அருங்காட்சியகத்தில் பழைய லேபிள்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். கல் அச்சில் போட்ட வண்ணப் படங்கள், அவையே ஒரு கலைக்கூடம்.

ஒரு நாள் கடலுக்கு

ஊருக்குள் உள்ள மலகேத்தா கடற்கரை வசதியானதுதான், ஆனால் சாப்பாட்டுக்கு 11-ஆம் எண் பஸ் ஏறிக் கிழக்கே பெத்ரெகலேஹோவுக்கும் எல் பாலோவுக்கும் போங்கள். பழைய மீனவர் குடியிருப்புகள், ஒரு மாடிக்கு மேல் போகாத வீடுகள், கையகலக் குட்டி வளைகுடாக்கள்.

மணல் நிரப்பிய பழைய படகில் ஆலிவ் விறகு எரியும். ஆறு மத்தி மீனை மூங்கில் போன்ற நாணல் குச்சியில் முதுகெலும்புக்குக் கீழாகக் கோத்து, கல் உப்பு தூவி, நெருப்புக்குள் வைக்காமல் பக்கத்தில் மணலில் சாய்த்துக் குத்தி வைப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து இடம் மாற்றுவதுதான் சுடுகிறவரின் திறமை. தோல் பொரிந்து எண்ணெய் சொட்டும்போது எடுத்துத் தட்டில் வைப்பார். இதுதான் 'எஸ்பெத்தோ'. முள்கரண்டியைத் தொடாதீர்கள், கையால்தான் சாப்பிட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும், சுவை அப்போதுதான். குளிர்காலத்திலும் சுட்டுத் தருவார்கள், வேறு மீன் கேளுங்கள்.

திரும்பும் வழியில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். ஸ்பெயின் பெருநிலத்தில் புராட்டஸ்டன்டுகளுக்கென 1831-இல் அமைந்த முதல் கல்லறை. மெர்செத் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் கற்றூண், அரசரை எதிர்த்துக் கிளர்ந்து அதே ஆண்டு மாலகாக் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜெனரல் தொர்ரிஹோஸுக்கும் தோழர்களுக்கும் எழுப்பியது. அவர்களோடு இறந்த அயர்லாந்துக்காரர் ராபர்ட் பாய்ட் இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டார். நல்ல நிழல் உள்ள இடம்.

ஊருக்கு வெளியே: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒயின்தான் நோக்கம் என்றால் அக்ஸார்க்கியாவுக்குப் போங்கள். அல்மாச்சார் கிராமத்தில் உலர்திராட்சைக்கென்றே ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. வெள்ளையடித்த மலைக் கிராமமான கோம்பெத்தாவில் ஆகஸ்ட் 15 அன்று 'ஒயின் இரவு' திருவிழா நடக்கும். மலைப்பாதை முழுக்க வளைவுகள், பஸ்கள் குறைவு. வண்டி வாடகைக்கு எடுத்தால் ஓட்டுகிறவர் அன்று ஒரு துளியும் குடிக்கக் கூடாது. அதைவிட, ஒயின் சுற்றுலா வண்டியில் இடம் பிடிப்பது நிம்மதி. ஒயின் ஆலைகள் சிறியவை, முன்பதிவு இல்லாமல் போனால் கதவு திறக்க ஆளிருக்காது.

கட்டடக்கலைதான் ஈர்க்கிறது என்றால் ரோந்தா. ஊரை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தாக்கின் மேல் 1793-இல் முடித்த 98 மீட்டர் உயரப் பாலம். பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சுற்றுலாக் கூட்டம் பிற்பகலில் திரும்பிவிடும், அதன்பின் பள்ளத்தாக்கின் அடிப்பாதையில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். சிவப்பு ஒயினுக்கும் ரோந்தா பெயர்பெற்றது.

கிரனாடா நகரின் அல்ஹம்பிரா அரண்மனைக் கோட்டையை ஒரே நாளில் போய்வரலாம் என்பார்கள். போகலாம், ஆனால் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், அதில் குறித்த நேரத்தைத் தவறவிட்டால் அரண்மனைக்குள் விடமாட்டார்கள். அதற்குத் தனியாக ஓரிரவு ஒதுக்குவதே நல்லது.

கிளம்பும் முன்

கடைகளில் அட்டை செல்லும், பழைய மதுக்கடைகளில் சில்லறை கையில் இருந்தால் நல்லது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கிரனாடாவைப் போல இங்கே குடிக்கும் பானத்தோடு தின்பண்டம் இலவசமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்டால் காசுதான்.

ஒயின் புட்டியைக் கைப்பையில் விமானத்துக்குள் விடமாட்டார்கள், துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் போடுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். திராசன்யெஹோ பெரும்பாலும் அரை லிட்டர் புட்டிகளிலும் கிடைக்கும் என்பதால் நான்கு வகை வாங்கி வர முடியும். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. உலர்திராட்சையைச் சந்தையில் குலையோடு கேட்டு வாங்குங்கள். கொட்டையோடுதான் இருக்கும், அதைத் துப்பிவிட வேண்டாம், கடித்தே சாப்பிடலாம்.